ஆனி என்று பதிவான அண்ணை

குடும்ப வரலாறு தேடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் பொறுப்பாளர் கேட்டார். தேடும் முறையை எழுதச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். எந்தப் பெட்டியில் எதைத் தட்டுவது, நட்சத்திரக் குறியை எங்கே போடுவது, பிறந்த வருடத்தை எவ்வளவு முன்பின்னாக விடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நீங்கள் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைத் தேடி எடுத்துவிடுகிறீர்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பழைய பதிவுகளைப் பார்த்துத் தட்டிய பெயர்ப்பட்டியலில், அதுதான் இன்டெக்ஸில், பெயர் வரவில்லை என்றால், அந்த ஆள் லண்டனில் இருக்கவே இல்லை என்று அறிக்கை எழுதிவிடுகிறீர்கள். அதைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்டெக்ஸ் சொல்வது, அந்தப் பெயரில் யாரும் அகப்படவில்லை என்பதை மட்டும்தான். மிச்சத்தை நீங்களாகச் சேர்த்துக்கொள்கிறீர்கள்.

நான் வடக்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் உள்ளூர் வரலாற்று அறையில் பல வருடம் வேலை பார்த்தேன். பிறகு கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே சின்ன அறை எடுத்து, குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு வேலை செய்து கொடுத்தேன். போன வருடம்தான் அந்த அறையின் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பேரைத் தேடிக் கொடுத்திருக்கிறேன். பாதிப் பேர் நன்றி சொன்னார்கள், மீதிப் பேர் இன்னொரு தலைமுறை மேலே போக ஏலாதா என்று கேட்டார்கள்.

கவுன்சிலில் எனக்கு மேலே இருந்தவர் ஒரு ஐரிஷ்காரப் பெண்மணி. ஒரு பெயர் கிடைக்கவில்லை என்று போய் நின்றால், சத்தமாகச் சொல்லிப் பார் என்பார். உன் குரலில் இல்லை, அந்த வீட்டு ஆட்கள் எப்படிச் சொல்லியிருப்பார்களோ அப்படிச் சொல்லிப் பார் என்பார். ஒரு தடவை ஹான்கொக் என்ற குடும்பத்தைத் தேடி நான் களைத்துப்போனேன். அவர் எழுந்து வந்து, கிழக்கு லண்டன் பேச்சில் முதல் எழுத்தை விழுங்கிவிட்டு அந்தப் பெயரைச் சொன்னார். ஆன்கொக் என்று போட்டதும் அவர்கள் ஆறு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தப் பெயரையும் வாய்விட்டுச் சொல்லாமல் நான் தேடியதில்லை. பக்கத்து மேசைக்காரர்களுக்கு அது தொந்தரவுதான்.

இனி ஜீனின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

ஜீன் வடக்கு லண்டனில் இருக்கிற எட்மண்டனில் இருந்து வந்தார். எண்பதுக்குக் கிட்டிய வெள்ளைக்காரப் பெண். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. படிகளில் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. இதய வால்வில் பிழை என்றும், சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருப்பதாகவும், ஆஸ்பத்திரியில் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது என்றும் உட்கார்ந்தவுடனேயே சொன்னார். அதைச் சொல்லிவிட்டு, அனுதாபப்பட வேண்டாம், அவசரப்பட்டால் போதும் என்றார்.

அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: தன் பாட்டன் யார். அவருடைய தகப்பன் ரொனால்டின் பிறப்பு அத்தாட்சியில் தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தாய் எல்சி, கிங்ஸ் க்ராஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தங்குவிடுதியில் வேலைக்காரியாக இருந்தவள். ரொனால்டைச் சிறு வயதிலேயே அநாதைப் பிள்ளைகள் விடுதியில் விட்டுவிட்டாள். ரொனால்ட் பார்ப்பதற்குக் கறுப்புமில்லை, வெள்ளையுமில்லை. எங்கே இருந்து வருகிறாய் என்று வாழ்க்கை முழுவதும் எல்லாரும் அவரைக் கேட்டார்கள். எட்மண்டன் என்று சொல்லுவாராம். அதற்கு முன்னால் எங்கே என்று கேட்டால், பஸ்ஸில் என்பாராம். சொல்லிவிட்டு ஜீன் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

அவர் ஏற்கெனவே எச்சில் துப்பி டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். கால்வாசி இலங்கை, தென்னிந்தியப் பக்கம் என்று வந்திருந்தது. 1921ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின் இன்டெக்ஸிலும் தேடி, அந்தத் தங்குவிடுதியைக் கண்டுபிடித்து, தட்டச்சில் வந்த பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொண்டுவந்திருந்தார். அதில் விடுதியை நடத்திய வீட்டுக்காரி இருந்தாள். வேலைக்காரி எல்சி இருந்தாள். சில மாதக் குழந்தையாக ரொனால்ட் இருந்தார். சாப்பாட்டோடு தங்கியிருந்தவர்கள் இரண்டு பேர்: ஆனி பில்லி, பெண், டொமி பில்லி, ஆண். இருவரும் பிறந்த ஊர் ஜாஃபா, பாலஸ்தீனம். புருஷன் பெண்சாதியாக இருக்கவேண்டும், அல்லது சகோதரங்களாக இருக்கவேண்டும் என்று ஜீன் நினைத்திருந்தார். டொமிதான் தன் பாட்டனாக இருக்குமோ என்றும் யோசித்திருக்கிறார். ஆனால் டிஎன்ஏயில் பாலஸ்தீனம் ஒரு பொட்டுக்கூட இல்லை. அந்த இடத்தில் அவர் தேடல் நின்றுபோயிருந்தது.

நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலஸ்தீனத்தில் பில்லி என்று ஒரு குடும்பமா என்று மண்டையைச் சொறிந்தேன். அந்த நேரத்தில் போன் அடித்தது. என் வீட்டு வெந்நீர்ப் பொயிலர் பழுதாகிக் கிடந்தது. அதைத் திருத்த வருகிறவர், எங்களூர்க்காரர், இன்றைக்கு வரட்டோ என்று கேட்டார்.

"இல்லை அண்ணை, இண்டைக்கு ஏலாது. நாளைக்குக் காலமை வாங்கோ அண்ணை. ஓம் அண்ணை, ஓம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஜீன் என்னைப் பார்த்து, "உங்களிடமும் ஒரு ஆனி இருக்கிறாளா?" என்று கேட்டார்.

நான் கொம்பியூட்டர் பக்கம் திரும்பி, இன்டெக்ஸை விட்டுவிட்டு, அந்தத் தாளின் படத்தையே திறந்தேன். உங்களுக்குத் தெரியும், அந்த வருடத்துத் தாளை வீட்டுக்காரர்தான் தன் கையால் நிரப்புவார். காதில் விழுந்ததை அந்த வீட்டுக்காரி எழுதினாள். அவள் எழுதியதை நூறு வருடம் கழித்து வேறொருவர் கண்ணால் பார்த்துத் தட்டினார். அவள் எழுதியிருந்தது ஆனி இல்லை. கடைசி இரண்டு இங்கிலீஷ் எழுத்துகள் வேறாக இருந்தன. நான் வாய்விட்டு வாசித்தேன். அன்னே. அடுத்த பெயர் டொமி இல்லை, டாம்பி. பில்லி இல்லை, பிள்ளை. இரண்டு பேருக்கும் ஆண் என்றுதான் எழுதியிருந்தாள். ஆனி என்று வாசித்தவர் அவளை நம்பாமல் பெண்ணாக மாற்றியிருக்கிறார். ஊர் ஜாஃபா இல்லை, ஜாஃப்னா. நாட்டின் பெயரை அவள் எழுதவே இல்லை. பாலஸ்தீனமும் தட்டியவரின் கைங்கரியம்தான்.

அண்ணை, தம்பி, யாழ்ப்பாணம்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு கண்ணும் கலங்கிவிட்டது, ஏன் என்று எனக்கே தெரியாது. ஜீனுக்கு விளங்கப்படுத்தினேன். எங்கள் ஊரில் இளையவன் மூத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். மூத்தவன் இளையவனைப் பெயர் சொல்லலாம், ஆனால் அநேகமாகத் தம்பி என்றுதான் சொல்லுவான். இரண்டு பேர் மட்டும் தூர தேசத்தில் ஒரு வீட்டில் இருந்தால், அவர்களின் சொந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கவே மாட்டார்கள். வீட்டுக்காரி பாவம், நாள் முழுக்கக் கேட்டது அந்த இரண்டு சொல்லைத்தான்.

பிள்ளைகளே, உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் அண்ணனோ அக்காவோ இருப்பார்கள். இங்கிலீஷில் கதைக்கும்போதும் அவர்களை அப்படித்தானே கூப்பிடுகிறீர்கள். ஆனால் இன்டெக்ஸில் தேட உட்கார்ந்தவுடன் பள்ளிக்கூடப் பதிவில் இருக்கிற முழுப்பெயரைத் தட்டுகிறீர்கள். நானும் அப்படித்தான் தேடியிருப்பேன். பொயிலர் பழுதாகாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சந்தோஷம் அதிக நேரம் நிற்கவில்லை. ஜீன் கேட்டார்: "அப்படியென்றால் அவர்களின் பெயர் என்ன?"

அங்கேதானே இடித்தது. அண்ணை என்பது யாருடைய பெயரும் இல்லை. பிள்ளை என்று முடிகிற பெயர் யாழ்ப்பாணத்தில் தெருவுக்குப் பத்து இருக்கும். ஆட்கள் எந்த ஊர் என்று கிடைத்ததே தவிர ஆள் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தேன். அந்தக் காலத்தில் லண்டனில் படித்த சகோதரர் இரண்டு பேர், இன்ன தெருவில் தங்கியிருந்தார்கள், அவர்களின் குடும்பத்தை யாருக்காவது தெரியுமா என்று மட்டும் கேட்டேன். குழந்தையைப் பற்றி மூச்சு விடவில்லை. இதை நினைவில் வைத்திருங்கள். உங்கள் பாட்டனாருக்கு இங்கே ஒரு பிள்ளை இருந்ததா என்று கோயில் வாசலிலோ தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலோ கேட்கிறவர் இந்த வேலைக்கு உதவமாட்டார்.

சில கிழமை கழித்து லண்டனின் இன்னொரு மூலையான ஹரோவில் இருந்து ஒருவர் போன் எடுத்தார். பெயர் சிவராசா. ஓய்வு பெற்ற கணக்காளர், எழுபது தாண்டியவர். சனிக்கிழமை பேத்தியைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு நிற்கும்போது, என் கேள்வி அவர் காதுக்கும் போயிருக்கிறது. "தங்கச்சி, நீங்கள் சொல்லுற தெருப் பேர் எங்கட ஊர் வீட்டுப் பேர்" என்றார். அவருடைய அப்பப்பா, அதாவது அப்பாவின் அப்பா, லண்டனில் சட்டம் படித்துவிட்டுப் போய், ஊரில் கட்டிய வீட்டுக்கு அந்த லண்டன் தெருவின் பெயரையே வைத்தாராம். அப்பப்பாவின் அண்ணனும் அதே காலத்தில் அதே வீட்டில் தங்கி டொக்டருக்குப் படித்தாராம். இரண்டு பேர் பெயரும் பிள்ளை என்று முடிந்தது.

ஹரோவுக்குப் போனேன். இரட்டை வீட்டில் ஒரு பாதி, முன்னறையில் அப்பப்பாவின் படம் பாரிஸ்டர் அங்கியோடு மாலை போட்டு மாட்டியிருந்தது. சிவராசா நல்ல கலகலப்பான மனுஷன். தேத்தண்ணியும் வடையும் தந்து, அப்பப்பா ஊரில் எப்படி வாழ்ந்தார், எத்தனை பேருக்கு வழக்குப் பேசினார் என்று கதை கதையாகச் சொன்னார். அவருடைய அப்பா, அந்தப் பாரிஸ்டரின் ஒரே பிள்ளை. டொக்டராகிய மூத்தவர் மலாயாவுக்குப் போய், கலியாணம் கட்டாமல் அங்கேயே காலமாகிவிட்டார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு நான் மெதுவாக ஜீனைப் பற்றிச் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். மாலை போட்ட படத்தை ஒருமுறை பார்த்தார்.

"எங்கட அப்பப்பா அப்பிடியான ஆள் இல்லை, தங்கச்சி."

"ஆர் எண்டு நான் இன்னும் சொல்லேல்லையே, அண்ணை."

சிவராசா எழுந்து உள்ளே போய் ஒரு பழைய ஆல்பத்தோடு வந்தார். அதில் இருந்து மூத்தவரின் படத்தைக் கழற்றி என் முன்னால் வைத்தார். "அப்ப அப்பப்பான்ர அண்ணைதான் எண்டு எழுதிவிடுங்கோவன். அந்தாள் கலியாணமும் கட்டேல்லை, பிள்ளை குட்டியும் இல்லை. ஆருக்கு என்ன நட்டம்? அந்த மனுசிக்கும் ஒரு பேர் கிடைக்கும், ஒரு படமும் கிடைக்கும்."

ஹரோவில் இரண்டு பெயரும் கிடைத்ததை அன்றிரவே ஜீனுக்குச் சொல்லியிருந்தேன். அடுத்த நாள் அவரும் போன் எடுத்தார். மூச்சு இன்னும் மோசமாகியிருந்தது. "இரண்டில் ஒரு பெயரை எழுதித் தந்துவிடுங்கள். பிழையென்றால் நான் வந்து சண்டை பிடிக்கமாட்டேன். அதற்கு நான் இருக்கவேண்டுமே" என்றார்.

இந்த இடத்தில் நில்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பதிலைத்தான் கேட்டன. டொக்டரின் படம் என் கைப்பையில் இருந்தது. இன்டெக்ஸிலும் முதலில் நிற்பவர் அவர்தான். நான் ஒரு வரி எழுதினால் போதும். ஜீனுக்கு நிம்மதி, சிவராசாவுக்கு நிம்மதி, செத்துப்போன டொக்டர் எழுந்து வந்து ஆட்சேபிக்கப் போவதில்லை. மனச்சாட்சி பற்றிப் பெரிய கதையெல்லாம் வேண்டாம், எனக்கும் எழுதிவிடத்தான் ஆசையாக இருந்தது. ஒரு நாள் முழுக்க அந்தப் படத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எழுதவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ரொனால்டின் பிறப்பு அத்தாட்சியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டவர்கள் தெரியாததைத் தெரியாது என்றுதான் விட்டார்கள். அதற்கு மேலே நான் ஒரு ஊகத்தை எழுதினால், ஆனி என்று வாசித்து ஆணைப் பெண்ணாக மாற்றியவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவரும் ஒழுங்காக இருக்கட்டும் என்றுதான் மாற்றியிருப்பார். ஜீனிடம் இதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டு போனை வைத்தார். அது எனக்கு நன்றாகவே வலித்தது.

சிவராசாவிடம் எச்சில் பரிசோதனை செய்யக் கேட்டேன். செய்யலாம், ஆனால் முடிவை முதலில் தனக்கு மட்டும் காட்டவேண்டும் என்றார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் அனுப்புவேன், இல்லையென்றால் செய்யவே வேண்டாம் என்றேன். "நீங்கள் என்ன தங்கச்சி, ஒரு விட்டுக்கொடுப்பும் இல்லாத ஆளாய் இருக்கிறியள்" என்று அவரும் போனை வைத்தார். ஒரே கிழமையில் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு என்ன நினைத்தாரோ, அந்தக் கிழமை முடிவதற்குள் தானாகவே கூப்பிட்டு, "அந்தப் போத்தலை அனுப்புங்கோ" என்றார்.

முடிவு வந்த கிழமையில்தான் ஜீனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சொந்தம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எந்தச் சகோதரரின் வழி என்று சொல்ல முடியவில்லை. டொக்டரின் பேத்தியென்றால் எவ்வளவு ஒத்துப்போக வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பாரிஸ்டரின் பேத்தியென்றால் எவ்வளவு வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதோடு எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக மச்சானையும் மச்சாளையும் கட்டி, எல்லாரையும் எல்லாருக்கும் இரண்டு மூன்று வழியில் சொந்தமாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு எந்த ஆய்வுகூடத்துக்கும் பிடிபடாது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே கடிதம் அனுப்பினேன்: இந்த இரு சகோதரரில் ஒருவர், எவர் என்று என்னால் சொல்ல முடியாது.

சிவராசா உடனே கூப்பிட்டார்.

"அப்ப ஆரெண்டு சொல்லேலாதோ?"

"ஏலாது அண்ணை."

டொக்டர் என்றே எழுதச் சொல்லி மறுபடி நெருக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டதெல்லாம் எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்ட் என்பதை மட்டும்தான்.

பார்வையாளர் நேரத்துக்கு நான் போனபோது ஜீன் தலையணையில் சாய்ந்திருந்தார். மறுநாள் காலை சத்திரசிகிச்சை. என் கடிதம் போர்வையின் மேல் கிடந்தது. என்னோடு கோபம் ஆறியிருந்தது, ஆனால் முகத்தில் உயிர் இல்லை. "இவ்வளவு பாடுபட்டும் எனக்கு ஒரு பாட்டன் கிடைக்கவில்லை" என்றார். கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் சிவராசா வந்தார். கோட்டும் டையும் கட்டி, ஒரு கையில் முந்திரிப்பழம் என்று நாங்கள் சொல்லும் திராட்சைப் பையும் மற்றக் கையில் ஒரு படமுமாக வந்தார். எனக்குத் தந்த டொக்டரின் படம் இல்லை அது. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தது. லண்டன் குளிருக்குக் கனமான ஓவர்கோட் போட்டுக்கொண்டு, மூத்தவர் கதிரையில் இருக்க இளையவர் பக்கத்தில் நின்றார். அதை ஜீனின் கையில் கொடுத்தார். ஜீன் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதில் யார் என்று கேட்டார்.

சிவராசா இங்கிலீஷில் ஏதோ தொடங்கினார். கசின் என்றார், கசினின் பிள்ளை என்றார், பிறகு தலையை ஆட்டி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, எங்கட அப்பா தனிப்பிள்ளை. தனக்கொரு அண்ணை இல்லையெண்டு சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர். இவவின்ர தகப்பன் எங்கட அப்பாவுக்கு மூத்தவர். டொக்டரின்ர பிள்ளையெண்டாலும் பாரிஸ்டரின்ர பிள்ளையெண்டாலும் எங்கட அப்பாவுக்கு அவர் அண்ணைதானே. எட்மண்டனில ஒரு அண்ணை இருந்திருக்கிறார், அப்பாவுக்குத் தெரியாமல் போச்சுது. அப்ப இவ எனக்கு ஆர்? அக்கா. இதில டிஎன்ஏ என்னத்தைச் சொல்லக் கிடக்கு? இதை நீங்கள் இங்கிலீஷில வடிவாச் சொல்லுங்கோ, எனக்கு வருகுதில்லை."

எனக்கும் வரவில்லை. அவ்வளவு வருடம் ஒவ்வொரு குடும்பத்தையும் ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது என்று இங்கிலீஷ் முறையில் கட்டம் போட்டு வரைந்திருக்கிறேன். பெரியப்பாவின் பிள்ளைக்கும் சொந்த அப்பாவின் பிள்ளைக்கும் எங்கள் வாயில் ஒரே சொல்தான் என்பதை வரைகிற கைக்கு நான் ஒருபோதும் ஞாபகப்படுத்தியதில்லை. கடைசியில் சுற்றி வளைக்காமல் சொன்னேன். எவருடைய பேத்தியாக இருந்தாலும் நீங்கள் இவருக்கு மூத்த சகோதரி, எங்கள் மொழியில் இதற்கு வேறு சொல்லே இல்லை என்றேன்.

"மரியாதைக்குச் சொல்கிறாரா?" என்று ஜீன் என்னைக் கேட்டார்.

இல்லை, முறையே அதுதான் என்றேன்.

ஜீன் படத்தில் இருந்த இருவரையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அழுதார். சிவராசாவும் அழுதார். நான் முந்திரிப்பழத்தைக் கழுவப் போவதுபோல எழுந்து போனேன். திரும்பி வந்தபோது, அப்படியென்றால் நான் இவரை எப்படிக் கூப்பிடவேண்டும் என்று ஜீன் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி என்று சொல்லிக் கொடுத்தார் சிவராசா. ஜீன் சொல்லிப் பார்த்தார். டாம்பி. அந்த வீட்டுக்காரி எழுதியது போலவே, எழுத்துப் பிசகாமல் அதே சத்தம்.

அந்த நேரம் பார்த்து நேர்ஸ் வந்தார். சத்திரசிகிச்சை முடிந்தவுடன் யாருக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டார். முதல் நாள் படிவத்தில் அந்த இடத்தை ஜீன் வெறுமையாக விட்டிருந்தாராம். ஜீன் சிவராசாவைக் காட்டினார். பெயர் என்ன என்று நேர்ஸ் கேட்க, அவர் வாயைத் திறப்பதற்குள் ஜீன், டாம்பி என்றார். என்ன முறை என்றார் நேர்ஸ். சகோதரன் என்றார் ஜீன். நேர்ஸ் சிவராசாவைப் பார்த்தார், ஜீனைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். சிவராசா போன் நம்பரைச் சொன்னார். பெயரைத் திருத்தவில்லை.

வேலைக்கு வந்த நாளில் இருந்து பிழையான பெயர்களைத் திருத்தியே வாழ்ந்தவள் நான். நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். இன்னும் நூறு வருடத்தில் யாராவது அந்தப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, எட்மண்டன் ஜீனுக்கு டாம்பி என்று ஒரு சகோதரன் எங்கே இருந்து முளைத்தான் என்று முழிப்பார்கள். அவர்கள் உங்களுக்குப் பின்னால் வரப்போகிற பிள்ளைகள். வாய்விட்டு வாசித்துப் பார்க்க அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

அடுத்த நாள் பின்னேரம் சிவராசா எனக்குப் போன் எடுத்தார். ஆஸ்பத்திரியில் இருந்து அவரைக் கூப்பிட்டு, மிஸ்டர் டாம்பியோடு கதைக்கலாமா என்று கேட்டார்களாம்.

"ஓம், நான்தான் எண்டு தமிழிலயே சொல்லிப்போட்டன், தங்கச்சி. அக்கா கண் முழிச்சிட்டாவாம்" என்றார்.